வரைந்த படம் என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு அழுகை வருகிறது?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: "கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. நிஜப் பிள்ளைகள் நடித்த போர்ப் படங்கள்கூட என்னை இப்படிச் செய்ததில்லை. அறையில் இருப்பவர்கள் கார்ட்டூன் பார்த்து அழுகிறாயா என்று கேலி செய்கிறார்கள். எனக்குத்தான் மனசு பலவீனமா?"

இல்லை. முதலில் அதை விடுங்கள். வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு தங்கையோ தம்பியோ இருக்கலாம் என்றும் தோன்றுகிறது. படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

நடிக்கிற பிள்ளையைப் பார்க்கும்போது மனதின் ஒரு மூலை "இந்தப் பிள்ளை நன்றாக நடிக்கிறது, படப்பிடிப்பு முடிந்ததும் அம்மாவோடு வீட்டுக்குப் போயிருக்கும்" என்று நம்மைத் தேற்றிக்கொண்டே இருக்கும். வரைந்த பிள்ளைக்குப் போவதற்கு வேறு வீடு கிடையாது. இரண்டாம் உலகப் போரில் தாயை இழந்து அண்ணனோடு அலைகிற நாலு வயது செட்சுகோ அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறாள். அங்கேயே பசிக்கிறாள், அங்கேயே சாகிறாள். இதே கதையை 2005இல் தொலைக்காட்சிக்கும் 2008இல் திரைக்கும் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தார்கள். இருந்தும் நீங்களும் நானும் கதைத்துக்கொண்டிருப்பது 1988இல் வந்த வரைந்த படத்தைப் பற்றித்தான்.

அது வெறும் கோடு என்பதும் சரியில்லை. செட்சுகோவின் குரல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. அவள் பேசியதை முதலில் பதிவு செய்து, பிறகு அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி வாயையும் உடம்பையும் வரைந்திருக்கிறார்கள். உருவங்களின் ஓரக்கோடு பெரும்பாலும் கறுப்பில்லை, மண்ணிறம். இயக்குநர் இசாவோ தகாஹாதா 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரம் எரிந்தபோது இரவு உடுப்போடு வெறுங்காலில் அக்காவோடு ஓடிய பிள்ளை. அப்போது அவருக்கு 9 வயது. படத்தில் தீக்குண்டு தெருவில் வந்து விழுந்ததும் ஒரு கணம் சும்மா கிடக்கும், பிறகுதான் தீ கக்கும். அந்த ஒரு கணத்தைப் பார்த்தபோது என் வயிறு இறுகியது. நாங்களும் செல் (எறிகணை) குத்துகிற சத்தம் கேட்டதும் அது விழுகிறவரைக்கும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு இருந்தவர்கள்.

இனி என் கதை. இலங்கைப் போரில், 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்கு 13, தங்கச்சிக்கு 5. அப்பா வேலை காரணமாக வவுனியாவில் மாட்டுப்பட்டிருந்தார். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று அந்தச் சனத்துக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. அடுத்த நாள் அம்மா கொடிகாமத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் இடம் கேட்கப் போனார். போகும்போது கடதாசியில் சுற்றிய ஆறு 'மாறி' (Marie) விசுக்கோத்தை என் கையில் தந்து, "பிள்ளை எழும்பினதும் குடு" என்றார்.

தங்கச்சி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நான் ஒன்றைச் சாப்பிட்டேன். அப்புறம் பாதி. அப்புறம் அந்த மற்றப் பாதி. சத்தம் வரக்கூடாது என்று கடிக்காமல் வாயில் வைத்துக் கரைத்துச் சாப்பிட்டேன். ஆறும் முடிந்த பிறகு கடதாசியில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தேன். அவள் எழும்பிப் பசிக்குது என்றாள். "விசுக்கோத்து நனைஞ்சு போச்சு, எறிஞ்சிட்டன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அப்ப நீயும் சாப்பிடேல்லையோ அண்ணா?" என்று கேட்டாள்.

இதை 17 வருடம் யாருக்கும் சொல்லவில்லை. 2012இல் கனடாவில், இரவு வேலை முடிந்து வந்து, தனியாக இந்தப் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் செட்சுகோவின் இனிப்புத் தகரத்தைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான், காலித் தகரத்துக்குள் தண்ணீர் ஊற்றி அண்ணன் குடிக்கக் கொடுக்கும் இடம் யாரையும் உடைக்கும். என்னை உடைத்தது அதற்கும் முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சி. தாய் உடம்பெல்லாம் துணி சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குள் கிடக்கிறாள். அண்ணன் செய்தா அதைப் பார்த்துவிட்டான், தங்கைக்குச் சொல்லவில்லை. வெளியே மைதானத்தில் செட்சுகோ குந்தியிருந்து அழுகிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்து, "பார், நான் சுத்துறேன்" என்பதுபோலச் சுழலத் தொடங்குகிறான். அவள் பார்க்கவில்லை. அவன் சுற்றிக்கொண்டே இருக்கிறான். படத்தை நிறுத்திவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இணையத்தில் ஒரு கூட்டம் உண்டு. "எல்லாம் அந்தப் பொடியனின் பிழை, தாய் செத்த பிறகு தங்கியிருந்த வீட்டு மாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாள், வங்கியில் காசும் இருந்ததுதானே" என்பார்கள். இந்தப் பதிலுக்குக் கீழேயும் வருவார்கள். அவனுக்கு 14 வயது ஐயா. அடுத்தவர் வீட்டில் சோற்றுக் கோப்பையை நீட்டும்போது அந்த வீட்டுக்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். அந்த வயதில் ரோசம் பசியைவிடப் பெரிது.

இந்தக் கதையை எழுதிய அகியுகி நொசாகாவே அந்த அண்ணன்தான். கோபே நகரில் குண்டுவீச்சில் வீடு போய், ஒன்றரை வயதுகூட ஆகாத தங்கையோடு இருந்து, 1945இல் அவளைப் பட்டினியில் பறிகொடுத்தவர். கதையில் வருகிற அண்ணனைப் போல நான் நல்லவனாக இருக்கவில்லை, அவளுக்குக் கொடுக்க வேண்டியதை நானே தின்றேன் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 1967இல் எழுதிய அந்தக் கதைக்கு ஜப்பானின் நவோகி இலக்கியப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்து அவருக்கு ஆறியதா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

"ஜப்பான் மற்ற நாடுகளில் செய்ததை மறந்துவிட்டாயா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மறக்கவில்லை. செய்தாவின் தகப்பன் கடற்படை அதிகாரி, அதைப் படம் மறைக்கவில்லை. இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று தகாஹாதாவே சொல்லியிருக்கிறார். நானும் எந்தப் பக்கத்துக்கும் கொடி பிடிக்க இதை எழுதவில்லை. விறாந்தையில் படுத்திருந்த ஒரு பிள்ளையின் பசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதத்தான் போகிறேன். இங்கே எங்கள் ஆட்களின் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் மண்டபம் பிடித்து, ஆளுக்கு மூன்று தட்டு வைத்து, கடைசியில் சோறும் இறைச்சியும் தட்டுத் தட்டாகக் கறுப்புப் பைக்குள் போகிறது. போன வருடம் ஒரு முதலாம் பிறந்தநாளில் மேசையில் மிஞ்சியதைக் கட்டித் தரும்படி கேட்டேன். வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீங்கள் இன்னும் 95இலேயே நிக்கிறியள்" என்றார். ஓம், அங்கேதான் நிற்கிறேன். அதே மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் அந்தப் பாலத்தைக் கடந்து வந்தவர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்ட்டூன் என்றால் சின்னப்பிள்ளை விஷயம் என்று உங்கள் நண்பர்கள் நினைப்பதும் புதிதில்லை. 1988 ஏப்ரலில் இந்தப் படத்தை மை நெய்பர் டொடோரோ என்ற பிள்ளைகள் படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில்தான் வெளியிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள்! என் மகளுக்கு எட்டு வயது, இன்னும் காட்டவில்லை. உங்களால் முடிந்தால், இப்போது இல்லை, ஒரு மாதம் கழித்து, 2016இல் வந்த இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்டு என்ற இன்னொரு ஜப்பானிய வரைந்த படத்தைப் பாருங்கள். குரே என்ற கடற்படைத் துறைமுக ஊர், ஒரு சின்னப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருத்தி. குண்டு வெடித்ததும் திரை கறுத்து வெறும் கீறல் கோடுகள் மட்டும் ஓடும். அந்தப் பிள்ளைக்கு நடந்ததை நேராகக் காட்டவே மாட்டார்கள்.

அந்த 2012 இரவிலேயே லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்து விசுக்கோத்துக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கிறீம் விசுக்கோத்தோ, மாறியோ?" என்று கேட்டாள். மாறி என்றேன். "அப்ப பரவாயில்லை அண்ணா, எனக்கு மாறி பிடிக்காது" என்றாள்.

போன கோடையில் அவள் வீட்டில் இரண்டு கிழமை நின்றேன். ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணிக்குள் மாறி விசுக்கோத்தைத்தான் தோய்த்துச் சாப்பிடுகிறாள்.