ஜாப் முடிந்தும் பஃபர் விடுபடவில்லை: அந்த இரண்டாவது கெட்டை எடுத்துவிடுங்க

உங்க கிராஃபிக்ஸ் டிரைவரில் ஜாப் (GPU-வுக்குக் கொடுக்கும் வேலை) முடிந்தும் பஃபரின் மெமரி ஏன் திரும்பலைன்னு கேட்டிருந்தீங்க. ஜாபை அனுப்பும் சப்மிட் ஃபங்ஷனில் லுக்கப்புக்கு அடுத்த வரியில் இருக்கும் கெட்டை (get, ரெஃபரன்ஸை ஒன்று கூட்டும் வரி) அழித்துவிடுங்க. லினக்ஸில் கெம் (GEM, கிராஃபிக்ஸ் மெமரியை நிர்வகிக்கும் பகுதி) லுக்கப், பஃபரைத் தேடித் தரும்போதே ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்காங்க என்ற கணக்கு, பூஜ்யமானால்தான் பஃபர் விடுபடும்) ஒன்று கூட்டித்தான் தரும். நீங்க மேலே ஒன்று கூட்டுறீங்க, ஜாப் முடியும்போது புட் (put, ஒன்று குறைப்பது) ஒன்றுதான். சப்மிட்டுக்கு ஒன்று வீதம் மிஞ்சுது. கேமை மூடிய பிறகும் மெமரி திரும்பாதது அதனால்தான்.

நீங்க மார்த்தாண்டம் என்பதால் சொல்றேன்: நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி ஒரே சீட்டுக்கு ரெண்டு துண்டு போட்டுட்டு, இறங்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துட்டு வந்த கதை இது. சீட் காலி, ஆனா யாரும் உட்கார மாட்டாங்க.

ஜாபுக்குத் தனி ரெஃபரன்ஸ் வேணும்னு நினைத்துப் போட்டிருப்பீங்க. வேணும்தான், ஆனா லுக்கப் தந்ததையே ஜாபிடம் ஒப்படைத்தால் போதும்.

சரிபார்க்க: சப்மிட் முடிந்ததும் கேரெஃப் ரீட் (kref_read, அந்த எண்ணிக்கையைப் படிக்கும் ஃபங்ஷன்) மதிப்பை அச்சிடுங்க. ஹேண்டில் (பஃபரைக் குறிக்க கேமிடம் இருக்கும் எண்) ஒன்று, ஓடும் ஜாப் ஒன்று என்றால் 2 வரணும். இப்போ 3 வரும். பஃபர் விடுபடும்போது ஓடும் ஃப்ரீ கால்பேக்கிலும் ஒரு பிரின்ட் போடுங்க. ஹேண்டிலை மூடி, ஜாபும் முடிந்ததும் அது ஒரே ஒருமுறை வரணும்.

கவனம்: பிழை வந்து பாதியில் வெளியேறும் பாதையில் பழைய கெட்டுக்கு ஈடாகப் புட் ரெண்டு இருந்தால், ஒன்றை அங்கேயும் எடுக்கணும். விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போய் அண்டர்ஃப்ளோ எச்சரிக்கை வரும், அது லீக்கை (மெமரி திரும்பாமல் தங்குவதை) விட மோசம். ஜாபின் புட்டை, ஜாப் முடிந்ததைச் சொல்லும் ஃபென்ஸ் சிக்னல் ஆவதற்கு முன்னால் மட்டும் கொண்டுபோய் வைக்காதீங்க.