பிசிறு வெட்டுகிற எனக்கு என்ன ஊழியம்?

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 39. டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கப் போய், பிசிறு நூல் வெட்டி, இப்போது செக்கிங். மொத்தம் பதினெட்டு வருசம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் பேட்லாக் டெய்லர். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவேன். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் போக வேண்டும். வீட்டு வேலையெல்லாம் முடித்துக் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது பத்தரை ஆகிவிடும். முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிடுகிறேன். போன வாரம் அதைப் பார்த்து மகன் சிரித்தான். கையில் இருந்த வேதப் புத்தகத்தாலேயே அவனை அடித்துவிட்டேன். அதற்கப்புறம் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் சபையில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் செய்தி கொடுத்தவர், "நித்தியத்துக்காக நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கிராம ஊழியம், ஆஸ்பத்திரி ஊழியம் என்று சாட்சி சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பைபிளில் அடையாளத்துக்கு வைத்திருப்பது கம்பெனியிலிருந்து சேலையில் ஒட்டிக்கொண்டு வந்த சைஸ் லேபிள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ இருக்கிற குழந்தைகளுக்குச் சட்டை எண்ணினேன் என்றா நாளைக்குக் கர்த்தரிடம் சொல்வேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். போன மாசம் ஒருநாள் முனை மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதிவிட்டு அனுப்பச் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பண்டலை நிறுத்தி ஒவ்வொரு பீஸாகத் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்து ரிப்புக்குள் கிடைத்தது. லைன் நின்றதற்கு எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. உண்மையாக இருந்ததற்கு இதுதான் கூலி.

"வேலைக்குப் போறோம், சம்பளம் வாங்கறோம். இதுல என்னத்தத் தேடற?" என்கிறார் வீட்டுக்காரர். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாமா? சில நாள் காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

– பெயர் வேண்டாம், திருப்பூர்


அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினொரு மணிக்குப் படுத்து, சமையல் முடித்து எட்டரைக்குக் கம்பெனியில் இருக்க வேண்டுமானால் நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வருசக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பு முதலில் பறிப்பது பொறுமையை. அடுத்து, செய்வதில் இருக்கும் ருசி போய்விடும். ஜெபத்தில் தூங்குவதை அவிசுவாசம் என்று நான் எண்ணவே மாட்டேன்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவர் அவர். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொல்லி எழுப்பினான். சாப்பிட்டவர் மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் பயணத்தைப் பற்றிய பேச்சே வந்தது. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது 127ஆம் சங்கீதம். குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். மகள் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், ஐந்து நிமிடம் போதும். பாத்திரங்களை வீட்டுக்காரரும் கழுவலாம். இரண்டு பேரும்தானே ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறீர்கள்.

"எதற்கு எழுந்திருக்கிறோம்" என்ற வரியை நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் அப்படி இருந்தாலோ, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட மனுசியை இப்படிச் சோர வைக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இனி ஊழியத்துக்கு வருகிறேன். வேலையை விடுவது பற்றி இப்போது முடிவு எடுக்க வேண்டாம். இவ்வளவு களைப்பில் எந்தக் கதவும் வெளியே போகிற வழியாகத்தான் தெரியும். அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்வி தவறில்லை, பதில்களைத்தான் குறுக்கிவிட்டார்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதார்கள். அவள் செய்த ஊழியத்துக்குச் சாட்சியாக அவர்கள் எடுத்துக் காட்டியது அவள் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். என் அம்மா சென்னிமலையில் தறிக்குத் தார், அதாவது ஊடைநூல், சுற்றியவர். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்த விதவைகள் துணியின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனத்தை உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த வசனம் பிடிக்கும். ஆனால் அதை ஓய்வில்லாமல் உழைப்பதற்கான கட்டளையாகப் பயன்படுத்துவதைக் கேட்டால் மனம் பொறுக்காது. பவுல் அதை எழுதியது அடிமைகளுக்கு. யாரும் மதிக்காத அவர்களுடைய உழைப்பைக் கர்த்தர் பார்க்கிறார் என்பதற்காக எழுதினார். அதே கடிதத்தில் சில வரி தள்ளி, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யச் சொல்லி எஜமான்களுக்கும் எழுதியிருக்கிறார். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் விடுமுறையும் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் சட்டத்திலும் இருக்கின்றன. தனியாகக் கேட்டால் கஷ்டம்தான். செக்கிங்கில் இருக்கிற நான்கைந்து பேர் சேர்ந்து, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வேண்டும் என்று முதலில் கேட்டுப்பாருங்கள்.

அந்த ஊசி முனையை நீங்கள் உங்கள் மனக்குறைகளோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மூன்று முறை வாசித்தேன். கழுத்து ரிப்பு என்கிறீர்கள், குழந்தையின் தோல் மிக மெல்லிசாக இருக்கிற இடம் அது. அந்தச் சட்டையைப் போட்டுவிடப்போகிற தாய்க்கு உங்களைத் தெரியாது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு மணி நேரம் அவளுடைய குழந்தைக்காகத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அது ஊழியத்துக்குச் சமம் என்று நான் ஆறுதல் சொல்லவில்லை. அதுவேதான் ஊழியம் என்கிறேன். நல்ல சமாரியன் கதையிலும் அடிபட்டுக் கிடந்தவன் யாரென்று உதவியவனுக்குத் தெரியாது.

இதை வீட்டில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். மகனை அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்றால் போதும், சோர்வைக் காரணம் காட்ட வேண்டாம். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, ஊசி உடைந்ததிலிருந்து அந்த முனையை நோட்டில் ஒட்டியது வரைக்கும் அவனுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்