அந்த ட்ரையைக் கொடுத்திருக்க வேண்டுமா? ரக்பி நடுவர் தீர்ப்பை எடைபோடும் விதம்

கேள்வி: நானும் நண்பர்களும் சர்வதேச ரக்பி ஆட்டங்களைச் சேர்ந்து பார்ப்போம். 2023 உலகக் கோப்பை ஃபைனலில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் போட்ட ட்ரையை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) ரத்து செய்தது சரியா என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை. ரீப்ளேயை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் ஆளுக்கொன்று சொல்கிறோம். ஒரு தீர்ப்பு சரியா தவறா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் இரண்டு தரப்பும் சரியாகவே பேசிக்கொண்டிருக்கலாம். களத்தில் என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்த அதிகாரிக்கு அந்த நேரத்தில் அதிகாரம் இருந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து பேசினால் விடியும்வரை பேசலாம்.

ஸ்மித்தின் ட்ரையையே எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கா 12-6 என முன்னிலையில் இருந்தது. ட்ரை விழுந்த பிறகு, டிஎம்ஓ எனப்படும் டிவி நடுவர் டாம் ஃபோலி, களநடுவர் வெய்ன் பார்ன்ஸிடம் அதற்கு முந்தைய லைன்அவுட்டை (வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே வீசுவது) பார்க்கச் சொன்னார். அங்கே நியூசிலாந்தின் ஆர்டி சவியாவின் கையில் பட்டுப் பந்து முன்னால் போயிருந்தது, அதாவது நாக்-ஆன். வீடியோவில் அது தெரிகிறது. ஆனால் அன்றைய நெறிமுறைப்படி, ட்ரைக்கு முன் நடந்த நாக்-ஆனைத் தேடி டிஎம்ஓ இரண்டு ஃபேஸ் (பந்து வைத்திருப்பவர் மடக்கப்படுவதோடு முடியும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஃபேஸ்) மட்டுமே பின்னால் போகலாம். இந்த நாக்-ஆனுக்குப் பிறகு அதைவிட அதிக ஃபேஸ்கள் கடந்திருந்தன. எனவே கண்டது உண்மை, கண்ட வழி விதிக்குப் புறம்பு. ‘நாக்-ஆன்தானே’ என்பவரும் சரி, ‘பார்க்கவே கூடாது’ என்பவரும் சரி. என்னைக் கேட்டால், அந்த ட்ரை நின்றிருக்க வேண்டும். எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்க்கலாம் என்று எல்லை வைத்த பிறகு அதை ஃபைனலில் மட்டும் மறப்பது நியாயமில்லை. அதற்காக ‘கோப்பையே போய்விட்டது’ என்றும் சொல்ல மாட்டேன். சில நிமிடங்களிலேயே நியூசிலாந்தின் போடன் பாரெட் ட்ரை அடித்தார், அதன்பின் உதைக்கும் கூடுதல் கிக்கான கன்வர்ஷன் தவறியது, 12-11. பிறகு கடைசிக் கட்டத்தில் அதே அணியின் ஜோர்டி பாரெட்டின் பெனால்ட்டி கிக்கும் வெளியே போனது.

இதற்கு நேர் எதிரான கதை 2015 உலகக் கோப்பைக் காலிறுதி. ட்விக்கன்ஹாமில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்து 34-32 என முன்னிலை, ஆட்டம் முடியும் தறுவாய். ஸ்காட்லாந்து வீரர் நாக்-ஆன் செய்த பந்தை அவருடைய அணியின் ஜான் வெல்ஷ் ஆஃப்சைடில், அதாவது பந்துக்கு முன்னால் நிற்கக்கூடாத இடத்தில் இருந்து எடுத்தார் என்று நடுவர் கிரெய்க் ஜூபேர் பெனால்ட்டி கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் பெர்னார்ட் ஃபோலி அதை உதைத்து 35-34 ஆக்கினார். இடையில் ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் பந்தை விளையாடியிருந்தார், அதனால் வெல்ஷ் ஆன்சைடுக்கு வந்துவிட்டார், கொடுத்திருக்க வேண்டியது ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவது) மட்டுமே என்று மறுநாள் ரக்பியின் உலக அமைப்பான வேர்ல்டு ரக்பியே சொன்னது. ஆனால் அப்படியொரு பெனால்ட்டியைச் சரிபார்க்க டிஎம்ஓவைக் கேட்க அன்று அனுமதி கிடையாது. தீர்ப்பு தவறு, வழிமுறையில் பிசகு இல்லை. விசில் ஊதியதும் ஜூபேர் மைதானத்தை விட்டு ஓடியதைத்தான் பலரும் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அடுத்து, ரீப்ளே பார்க்கும்போது பலர் காதில் வாங்காத ஒன்று: நடுவர் முதலில் என்ன சொன்னார்? கிரிக்கெட்டில் ‘அம்பயர்ஸ் கால்’ பழகிய நமக்கு இது சுலபமாகப் புரியும். ‘களத்தில் என் முடிவு ட்ரை’ என்று அவர் சொன்னால், ட்ரை இல்லை என்பதற்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். ‘ட்ரை இல்லை’ என்று சொன்னால், ட்ரைதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். 2024 பிப்ரவரியில் மர்ரேஃபீல்டில் பிரான்ஸுக்கு எதிராக 16-20 எனப் பின்தங்கியிருந்த ஸ்காட்லாந்து, கடைசி நொடிகளில் கோட்டைத் தாண்டிக் குவிந்து விழுந்தது. பந்து ஒரு பிரெஞ்சு வீரரின் காலின் மேல் இருந்தது, அப்புறம் வழுக்கித் தரையைத் தொட்டதுபோலவும் தெரிந்தது. நடுவர் நிக் பெரி களத்தில் சொன்னது ‘ட்ரை இல்லை’. அதை மாற்றும் அளவுக்கு உறுதியான காட்சி இல்லை என்றார் டிஎம்ஓ. பெரி ‘ட்ரை’ என்று ஆரம்பித்திருந்தால், அதே வீடியோவை வைத்தே அது ட்ரையாகியிருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே ‘தொட்டதா இல்லையா’ என்று மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அவர் தொடக்கத்தில் ஏன் அப்படிச் சொன்னார், எங்கே நின்றார், பந்து அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேளுங்கள்.

தலையில் மோதும் டேக்கிளில் (பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடிப்பது) இதெல்லாம் வேறு மாதிரி. அங்கே அதிகாரிகள் படிப்படியாகப் போவார்கள்: தலையில் பட்டதா, அது தவறான ஆட்டமா, அபாயம் எவ்வளவு, தண்டனையைக் குறைக்கக் காரணம் உண்டா? டேக்கிள் செய்யப்பட்டவர் திடீரெனக் குனிந்தது அப்படியொரு காரணமாகலாம். அதே 2023 ஃபைனலில் தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியலை நிமிர்ந்தபடியே மோதிய நியூசிலாந்தின் சாம் கேனின் மஞ்சள் அட்டை சிவப்பாக உயர்ந்தது. சவியாவின் தலையில் மோதிய தென்னாப்பிரிக்காவின் சியா கொலிசிக்கு, அபாயம் குறைவு என்ற முடிவால், மஞ்சளே நின்றது. இரண்டையும் முடிவு செய்தது பங்கரில், அதாவது மைதானத்துக்கு வெளியே வீடியோவை மறுபடி பார்க்கும் அறையில் இருக்கும் அதிகாரி, களத்தில் நின்ற பார்ன்ஸ் அல்ல. ‘அவனுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா’ என்று கொதிப்பவர்கள் எந்தப் படியில் இரண்டும் பிரிந்தன என்று காட்ட வேண்டும். காட்டினால் வாதம், இல்லாவிட்டால் வெறும் ஆத்திரம்.

சில தீர்ப்புகளில் சரியான விடை என்று ஒன்று இருக்காது. 2025 ஜூலையில் மெல்போர்னில் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி) ஆஸ்திரேலியாவை 29-26 என வென்ற டெஸ்ட்டில், லயன்ஸின் ஹ்யூகோ கீனன் கடைசி நேரத்தில் ட்ரை அடிப்பதற்கு முன்னால் அதே அணியின் ஜாக் மார்கன் ரக்கில் (தரையில் உள்ள பந்துக்காக வீரர்கள் மேலே மொய்த்துத் தள்ளும் இடம்) புகுந்து ஆஸ்திரேலியாவின் கார்லோ டிட்ஸானோவைத் தள்ளினார். தோளுக்கு மேல் தொடக்கூடாது என்று விதி சொல்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், தவறான ஆட்டம் இல்லை என்று பார்த்தார் நடுவர் ஆந்திரேயா பியார்தி. நான் அதில் பெனால்ட்டி கொடுத்திருப்பேன். ஆனால் கொடுக்காதவரைக் கண்ணில்லாதவர் என்று சொல்ல மாட்டேன்.

ஃபார்வர்டு பாஸ், அதாவது ரக்பியில் தடை செய்யப்பட்ட முன்னோக்கிய வீச்சு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் டிவியில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஓடுபவர் பின்னோக்கி வீசிய பந்துகூட அவருடைய வேகத்தால் மைதானக் கோடுகளை வைத்துப் பார்த்தால் முன்னே நகரும். கோடுகளைப் பார்க்காதீர்கள், கைகள் எந்தப் பக்கம் போயின என்று பாருங்கள்.

கடைசியாக, அந்தந்த ஆண்டின் விதியை எடுத்துக்கொண்டு பேசுங்கள். டிஎம்ஓ எதையெல்லாம் பார்க்கலாம் என்பது அடிக்கடி மாறுகிறது. 2023க்குப் பிறகும் அந்த எல்லை அகலமாகியிருக்கிறது. 2007இல் கார்டிஃபில் நியூசிலாந்தை பிரான்ஸ் 20-18 என வீழ்த்தியபோது, யானிக் ஜோசியோனின் ட்ரைக்கு முன் தாமியான் த்ராய் கொடுத்த பாஸ் முன்னோக்கியே போனது. அன்றைய நடுவரும் இதே வெய்ன் பார்ன்ஸ்தான். அவர் அதைக் கவனிக்கத் தவறினார் என்று தாராளமாகச் சொல்லலாம். ஏன் ரீப்ளே கேட்கவில்லை என்று மட்டும் கேட்க முடியாது. அந்தப் பாஸைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் அன்று டிஎம்ஓவுக்கு இல்லை.