கேள்வி–பதில்: மழைக்கணக்கும் தொட்டால் மாறும் வரைபடமும்

கேள்வி: எங்கள் கரும்பு விவசாயிகள் சங்கம் ஆறு இடங்களில் தினமும் மழை அளந்து எக்செலில் பதிகிறது. இரண்டு வரைபடங்களுக்கும் சேர்த்து ஒரு ஸ்லைசர் (அழுத்தித் தரவை வடிகட்டும் பொத்தான் பெட்டி) வைத்தேன். அதில் 'மோக்கா' என்ற ஊரை அழுத்தினால் ஒரு வரைபடம்தான் மாறுகிறது. ஏன் ஐயா?
– வாசகர், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: வரைபடத்தின் பின்னால் நின்று தரவைத் தொகுத்துத் தரும் அட்டவணைதான் பிவட் டேபிள். தரவில் 800 வரிசை இருந்தபோது முதலாவதையும், பின்னால் 812 வரிசை ஆனபோது இரண்டாவதையும் போட்டிருப்பீர்கள். நம் கண்ணுக்கு ஒரே தரவு; எக்செலுக்கு இரண்டு. ஸ்லைசர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது.

பழைய பிவட்டுகளை நீக்குங்கள். தரவுக்குள் ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோல்+T அழுத்தினால் அது டேபிளாகும். அதிலிருந்து ஒரு பிவட் போட்டு, இரண்டாவதை அதையே நகலெடுத்து ஒட்டுங்கள். இரண்டிலிருந்தும் வரைபடங்களை மறுபடி போட்டு, ஸ்லைசரை வைத்து, அதன்மேல் வலது சொடுக்கு, ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ், இரண்டுக்கும் டிக். பிறகு எத்தனை வரிசை சேர்ந்தாலும் 'ரெஃப்ரெஷ் ஆல்' போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊரில் ஒருவர் கணினி பிரெஞ்சு அமைப்பில் இருக்கும், இன்னொருவருடையது ஆங்கிலத்தில். பிரெஞ்சு முறையில் 12,5 (அதாவது 12.5) என்று ஆங்கில அமைப்பில் அடித்தால், அது எண்ணாகாமல் எழுத்தாக நின்றுவிடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அடையாளம். பிவட்டும் கூட்டுவதை விட்டு எண்ணிக்கை காட்டும். டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூன்றாம் படியில் அட்வான்ஸ்ட். தசமக் குறியாகக் கமாவைக் கொடுத்தால் சரியாகும்.

கேள்வி: எக்செலில் உள்ள ஏ.ஐ. உதவியாளரிடம் "ஜனவரியில் மொத்த மழை எவ்வளவு?" என்று கேட்டேன். 1,800 மி.மீ. என்றது. நம்பலாமா?
– அதே வாசகர்

பதில்: கூட்டல் சரி, கேள்விதான் தவறு. மழையை நாட்கணக்கில் கூட்டலாம், இடங்களுக்கிடையே கூட்டக் கூடாது. ஆறு இடங்களின் 1,800ஐ ஆறால் வகுத்தால் 300 மி.மீ. அதுவே சராசரி மழை. "சராசரி சொல்" என்று மட்டும் கேட்டாலும் சிக்கல்: 6 × 31 = 186 வரிசைக்கும் வகுத்து 9.7 என்று வரும், அது ஒரு நாள் சராசரி. "இடவாரியாக ஜனவரி மொத்தம் போடு, பிறகு அந்த ஆறின் சராசரி சொல்" என்று படிப்படியாகக் கேளுங்கள். என் எண்ணத்தில், அந்தச் சராசரியைவிட ஆறு இடங்களையும் தனித்தனிக் கோடாகப் பார்ப்பதே மேல். கியூர்பிப் மேட்டில் பெய்கிற மழை மேற்குக் கரையில் பெய்வதில்லையே!

கேள்வி: கணினியில் சுட்டியைப் பட்டைமேல் கொண்டுபோனால் தெரியும் எண், கைபேசியில் தெரியவில்லை.
– வாசகி, ஃப்ளாக்

பதில்: விரலுக்கு மேலே மிதக்கத் தெரியாது, தொடத்தான் தெரியும். அதனால் முக்கியமான எண்ணை எழுதியே வைத்துவிடுங்கள். எல்லாப் பட்டைக்கும் வேண்டாம், நெரிசலாகும். பட்டையை ஒருமுறை சொடுக்கினால் எல்லாம் தேர்வாகும். மறுபடி சொடுக்கினால் அது மட்டும். பிறகு வலது சொடுக்கு, ஆட் டேட்டா லேபிள். ஸ்லைசர் பொத்தானின் உயரத்தை 1 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள், குறைந்தால் பக்கத்து ஊர் அழுந்தும்.