முதல் ரைஃபிள் .22 ஆகவே இருக்கட்டும்: கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி கனடாவின் ஒன்டாரியோ வந்து ஒரு வருடம் ஆகிறது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டைக் கற்க ஆசை. கூட வேலை செய்பவர் 6.5 கிரீட்மூர் என்ற நெடுந்தூரத் தோட்டா போடும், ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை இழுத்து அடுத்ததை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை வாங்கச் சொல்கிறார், ஆயிரம் மீட்டர் வரை போகும் என்கிறார். நீங்கள் இடதுகைக்காரர். இரண்டாயிரம் டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவார் என்ற கவலையும் இருக்கிறது.

நான் வேலந்தாவளத்துக்காரன். இங்கே வந்து வீடு, பிள்ளைகள், வேலை எல்லாம் ஆகி நாளாயிற்று. இந்த விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் உங்களுக்குச் சரியான ஆரம்பம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் முதல் ரைஃபிள் .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷனாக இருக்கட்டும். நண்பர் சொல்வது கெட்ட ரைஃபிள் இல்லை, ஆனால் அது இரண்டாவதாக வரவேண்டியது.

அம்மாவின் பயத்தை முதலில் பேசிவிடுவோம். நம் கேரள-தமிழக எல்லைப் பக்கத்தில் துப்பாக்கி என்றால் மூன்றே காட்சிதான். பேங்க் வாசலில் இரட்டைக்குழலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. கடலைக்காட்டையும் தென்னங்கன்றையும் காட்டுப்பன்றி கிளறிப் போட்ட மறுநாள் பஞ்சாயத்து கூப்பிடும் லைசென்ஸ் உள்ள தோக்குக்காரர். (2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு இவ்வளவு வேலை.) மூன்றாவது, பத்திரிகையில் வரும் கள்ளத்துப்பாக்கி வழக்கு. இவை மட்டும் கண்ட அம்மா பயப்படாமல் எப்படி இருப்பார்? அவரிடம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைச் சொல்லுங்கள். கோலாப்பூர் பக்கத்துப் பையன் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் சுடுவது .22 தோட்டாதான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளி சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு புள்ளி, அதற்காக மூச்சை அடக்கிப் படுத்திருக்கும் விளையாட்டு இது. வீடியோவைக் காட்டினால் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விடும். நீங்கள் துப்பாக்கியோடு நிற்கும் படத்தை மட்டும் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள். அது எங்கெங்கோ போகும். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊருக்கெல்லாம் தெரிவது பாதுகாப்பும் இல்லை.

அடுத்தது லைசென்ஸ். ஊரில் கலெக்டர் ஆபீஸுக்கு நடப்பதும், எதற்காகத் துப்பாக்கி என்று நிரூபிப்பதும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் போன்ற முறை இங்கே கிடையாது. ஆனால் இங்கே கேட்பதை முழுதாகச் செய்தாக வேண்டும். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் சேருங்கள். எழுத்துத் தேர்வு, கையாளும் தேர்வு இரண்டும் உண்டு, இரண்டிலும் 80 சதவீதம் வேண்டும். தேறிய பிறகு பிஏஎல் என்ற லைசென்ஸுக்கு, கனடாவின் மத்தியக் காவல்துறையான ஆர்சிஎம்பி-யிடம் விண்ணப்பம். முதல் தடவை எடுப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு கட்டாயம், நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும். உங்களைத் தெரிந்த இருவரின் பெயர் கேட்பார்கள். மனைவியின் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. அவர் போடாவிட்டால் அவருக்கு அதிகாரிகளே தகவல் கொடுப்பார்கள். அதனால் வீட்டில் முதலில் பேசி, மனைவி மனம் ஒப்பிய பிறகே விண்ணப்பத்தை எடுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் வேலை போனதா, பிரிவு ஏற்பட்டதா, திவால் ஆனதா என்றும் ஒரு கேள்வி வரும். புதிதாக வந்தவர்களுக்கு வேலை மாறுவதும் நிற்பதும் சாதாரணம். நம் ஆட்கள் பயந்து அதை மறைக்கப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள், உள்ளதை எழுதி ஒரு வரியில் விளக்கம் கொடுங்கள். ஆம் என்று எழுதியதால் மட்டும் யாரையும் தள்ளிவிடுவதில்லை. பொய் எழுதுவதோ குற்றம்.

போல்ட் ஆக்‌ஷன் என்று நீங்கள் தேர்ந்தெடுத்ததே நல்ல முடிவு. 2020 மே மாதம் தொடங்கி இங்கே அரைத்தானியங்கி வகைகள் பலவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். கைத்துப்பாக்கியோ 2022 அக்டோபரிலிருந்து சாதாரண ஆளுக்குப் புதிதாக வாங்கவே முடியாது. சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை இந்தச் சுழல் தொடவில்லை. ஆனாலும் வாங்கும் அன்று அந்த மாடலின் வகைப்பாட்டை ஆர்சிஎம்பி பட்டியலில் பார்த்துவிடுங்கள். போல்ட் இயங்கும் விதம் உங்களுக்குப் புதிதல்ல. ட்ரெஷரி வாசலில் பாரா நின்ற கான்ஸ்டபிள் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ அதே வகைதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும், முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் பூட்டிக்கொள்ளும். இந்த நாட்டின் வடகோடியில் காவல் பார்க்கும் பகுதிநேரப் படையினரான கனடியன் ரேஞ்சர்களும் பல பத்தாண்டுகள் அந்த த்ரீ நாட் த்ரீயை, லீ என்ஃபீல்டைத்தான் சுமந்தார்கள். அதற்குப் பதிலாக இப்போது அவர்கள் கையில் இருக்கும் சி19, பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் அடிப்படையில் செய்தது.

இனி .22 ஏன் என்பது. விலைதான் எல்லோரும் சொல்லும் காரணம், அது உண்மையும்கூட. .308-உம் 6.5 போலப் பெரிய தோட்டாதான். ஒரு நல்ல .308 அல்லது 6.5 போட்டித் தோட்டாவின் விலைக்கு .22 பத்துக்கு மேல் வாங்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் உங்கள் உடம்பு. ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் வெடிக்காத டம்மித் தோட்டா ஒன்றை அறையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அவர் தோட்டா இருப்பதாக நினைத்து விசையை இழுப்பார். சத்தம் வராது, துப்பாக்கி தோளில் இடிக்கும் உதையும் வராது. ஆனால் குழல் முனை ஒரு விரற்கடை கீழே குத்தும், தோள் முன்னால் தள்ளும், கண் இறுக மூடும். பெரிய தோட்டாவில் ஆரம்பித்தவர்களில் பலருக்கு இது நடக்கிறது. உதைக்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது, தோட்டா போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்ற மாதக்கணக்கில் ஆகும். .22-ல் உதை இல்லையென்றே சொல்லலாம். அதனால் விசையை மட்டும் கவனிக்க முடியும்.

.22 சுலபம் என்பதாலும் நான் சொல்லவில்லை. அதன் தோட்டா மெதுவானது, வினாடிக்கு ஏறக்குறைய 330 மீட்டர். குழலுக்குள் அது இருக்கும் நேரம் அதிகம், அதனால் விசை இழுத்தவுடன் தலையைத் தூக்கினால் இலக்கில் அப்படியே தெரிந்துவிடும். காற்றும் அதை நன்றாகவே தள்ளும். மரக்கிளை அசையும் அளவுக்குக் குறுக்குக் காற்று அடித்தால் 50 மீட்டரிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகும். 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்த ரைஃபிள் 100 மீட்டரில் 15 சென்டிமீட்டருக்கும் மேல் கீழே அடிக்கும், 200-ல் ஒரு மீட்டருக்கு மேல். ஆக, தூரத்தில் சுட வேண்டிய கணக்கையும் காற்று பார்க்கும் கண்ணையும் 200 மீட்டர் ரேஞ்சிலேயே கற்கலாம். ஆயிரம் மீட்டர் ரேஞ்ச் தேடி நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. 6.5 கிரீட்மூரின் குழல் இரண்டாயிரம், மூவாயிரம் சுடுகளில் தன் கூர்மையை இழக்க ஆரம்பிக்கும். மாதம் நூறு சுட்டால் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டரை வருடம். .308 அதற்கு மேல் தாங்கும், .22 குழல் நீங்கள் கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குத் தாங்கும். ஒட்டாவா பக்கத்தில் கனாட் ரேஞ்ச் இருக்கிறது. 1868-ல் தொடங்கிய டொமினியன் ஆஃப் கனடா ரைஃபிள் அசோசியேஷன் அங்கேதான் தேசியப் போட்டி நடத்துகிறது, 900 மீட்டர் வரை. அங்கே டார்கெட் ரைஃபிள் பிரிவுக்கும், ஸ்கோப்பும் தாங்கும் வைத்துச் சுடும் எஃப்-டிஆர் பிரிவுக்கும் .223 அல்லது .308 தான் அனுமதி. 6.5 கொண்டுபோனால் எஃப்-ஓப்பன் என்ற திறந்த பிரிவில் நிற்க வேண்டிவரும். அங்கே எதிரே இருப்பவர்கள் பல வருடம் செதுக்கிய கனத்த ரைஃபிள்களோடு வருவார்கள். போட்டி உங்கள் நோக்கமென்றால் இரண்டாவது ரைஃபிள் .223 ஆக இருக்கலாம். உதை குறைவு, தோட்டா மலிவு, குழலுக்குள் தோட்டாவைச் சுழலவைக்க வெட்டியிருக்கும் முறுக்குக் கோடு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருந்தால் கனத் தோட்டாவும் நிலையாகப் போகும். அதை அடுத்த வருடம் பேசுவோம்.

எந்த .22? செக் நாட்டின் சிஇசட் 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2 மூன்றும் இங்கே எளிதாகக் கிடைக்கும். வலதுகைக்காரர் கேட்டிருந்தால் சிஇசட் 457-ன் கனத்த குழல் மாடலை யோசிக்காமல் சொல்லியிருப்பேன். விசையைத் தளர்த்தி இறுக்கலாம், குழலை மாற்றலாம், கையில் எடுத்தால் இரும்பும் மரமுமாக நிறைவாக இருக்கும். சாவேஜ் விலை குறைவு, பார்வைக்குக் கொஞ்சம் கரடு, ஆனால் குறி தப்பாது. உங்களுக்கு போல்ட் இடப்பக்கம் வேண்டும். சாவேஜிலும் சிஇசட்டிலும் இடதுகை மாடல்கள் உண்டு. கடையில் இருப்பு குறைவாகத்தான் இருக்கும், ஆர்டர் கொடுத்துக் காத்திருங்கள். வலதுகை ரைஃபிளைத் தள்ளுபடியில் காட்டி, பழகிக்கொள்ளலாம் என்பார்கள். கேட்காதீர்கள். படுத்துச் சுடும்போது ஒவ்வொரு தடவையும் கையை ரைஃபிளுக்கு மேலாகச் சுற்றி போல்ட்டைப் பிடிக்க வேண்டிவரும், நிலை ஒவ்வொரு தடவையும் கலையும். சாப்பாட்டுக்கு வலதுகை என்று நம் வீட்டில் அதட்டிப் பழக்கியதெல்லாம் இங்கே வேண்டாம்.

வாங்குமுன் இன்னொன்று பார்க்க வேண்டும். இடதுகைக்காரருக்கெல்லாம் இடதுகண் ஓங்கியிருக்கும் என்று இல்லை. இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துச் சுவிட்சை நீட்டிய கட்டைவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் சுவிட்சை விட்டு நகரவில்லையோ அதுதான் ஓங்கிய கண். ரைஃபிளைக் கடையிலேயே தோளில் வைத்துப் பாருங்கள். கன்னத்தைக் கட்டையில் (தோளில் பொருந்தும் பின்பாகத்தில்) சாய்த்ததும் கழுத்தை நீட்டாமல் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, முழுவட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கட்டை நீளம் உங்களுக்குப் பொருந்தவில்லை. இங்கே பல கட்டைகள் நம்மைவிட நீளக் கை உள்ளவர்களுக்காகச் செய்தவை.

இரண்டாயிரத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் ரைஃபிளுக்குப் போகக் கூடாது. மீதி ஸ்கோப், மவுண்ட், பூட்டுப் பெட்டி, காது மூடி, கண் கண்ணாடி, தோட்டா. ஸ்கோப்பில் பேரலாக்ஸ் திருத்தம் 50 மீட்டருக்கும் கீழே வரவேண்டும். பெரிய ரைஃபிளுக்கான பல ஸ்கோப்கள் 100 கஜத்துக்கு நிலைப்படுத்தியவை, அருகில் கண் அசைந்தால் குறியும் அசையும். தோட்டாவை ஒரே பிராண்டில் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். ஒவ்வொரு .22 குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே, எலி (Eley) என்று தனித்தனியாக ஒவ்வொரு பெட்டி எடுத்து, மேசையில் தாங்கு வைத்து ஐந்தைந்தாகச் சுட்டுக் காகிதத்தில் ஓட்டைகளைப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதை வாங்குங்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் விசை பழகலாம். .22-ஐ வெறும் அறையோடு தட்டினால் சில மாடல்களில் தோட்டாவைத் தட்டும் ஊசி அறை விளிம்பைக் கெடுக்கும். சுவரில் திருகு இறக்கப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் இருக்கிறதே, அதை அறையில் வைத்துப் பழகுகிறவர்கள் இங்கே நிறைய.

பிள்ளைகள் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் கேட்பது: தோட்டா ஏற்றாமல் வைக்க வேண்டும், அதோடு விசைப்பூட்டு, அல்லது போல்ட்டைக் கழற்றி வைத்தல், அல்லது பூட்டிய பெட்டி, இதில் ஒன்று. தோட்டா துப்பாக்கிக்கு எளிதில் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் பூட்டி வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ரைஃபிள் பூட்டிய பெட்டியில், போல்ட் வேறு இடத்தில், தோட்டா மூன்றாவது பூட்டில். ரேஞ்சிலிருந்து வந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். ஈயத் தூசி கண்ணுக்குத் தெரியாது, சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. பனிக்காலத்தில் குளிரில் இருந்த ரைஃபிளை வீட்டுக்குள் வந்ததும் உறையைத் திறக்காதீர்கள். சூடான காற்று பட்டால் இரும்பெல்லாம் வியர்க்கும், உள்ளே துரு பிடிக்கும். உறையோடே சில மணி நேரம் விட்டு, பிறகு துடையுங்கள்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு .22 தோட்டா பக்கவாட்டு ஜிப்புக்குள் கிடந்தால் போதும், கோவை ஏர்போர்ட்டிலோ கொச்சி நெடும்பாசேரியிலோ எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு ஆகிவிடும். விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டு வாசலில் போகும். காலிக் கூட்டைக்கூட ஞாபகத்துக்கு என்று எடுத்துப் போகாதீர்கள். ஜாக்கெட் பாக்கெட்டும் அப்படித்தான், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முதல்நாள் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள்.

இப்போதைக்கு வகுப்பில் பெயர் கொடுங்கள், பக்கத்தில் உள்ள கிளப்பின் புதியவர் நாளுக்கு மனைவியையும் கூட்டிப்போய்ப் பாருங்கள். பிஏஎல் கைக்கு வந்ததும் எந்தக் கண் ஓங்கியது, உங்கள் உயரம் என்ன, கிளப்பில் உள்ளரங்கு ரேஞ்சா திறந்தவெளியா என்று எழுதுங்கள். சாவேஜா சிஇசட்டா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.