நூறு நாள் வேலை, ஓஏபி (முதியோர் பென்ஷன்), கிசான் பணம்: வாங்குறவங்க பேரு ஊருக்குத் தெரியணுமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

சமூக தணிக்கை, அதாவது அரசுத் திட்டக் கணக்க ஊர்க்காரங்க முன்னாடியே சரிபாக்கற வேலையா கொஞ்ச காலம் ஊராட்சி ஊராட்சியா சுத்தினவன் நான், அதனால அரசு உதவி வாங்குறவங்க விவரம் வெளிய தெரியலாமா கூடாதானு நிறைய பேர் கேட்டீங்க. வக்கீல் இல்ல, ஆனா இந்த சட்டப் பிரிவுகளோட தினமும் மல்லுக்கட்டினவன். ஒவ்வொண்ணா சொல்றேன்.

வயல்காட்டான்: அண்ணே, பிஎம் கிசான் சைட்ல மாவட்டம், ஒன்றியம், ஊருனு தேர்ந்தெடுத்தா எங்க ஊரு ஆளுங்க பேரெல்லாம் வரிசையா வருது. இப்படிப் போடலாமா?

போடலாம் தம்பி, போட்டுத்தான் ஆகணும். 2005 தகவல் உரிமைச் சட்டம் 4-வது பிரிவே மானியத் திட்டத்துல யாருக்கு எவ்வளவு போச்சுங்கறத யாரும் கேக்காமலே அரசாங்கம் வெளியிடணும்னு சொல்லுது. ரேஷனுக்கு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27-வது பிரிவு இருக்கு, நூறு நாள் வேலைக்கு 2005 சட்டத்துல 17-வது பிரிவுல கிராம சபையே தணிக்கை பண்ணணும்னு வச்சாங்க.

ஏன்னு கேட்டா 2020-ல நம்ம மாநிலத்துலயே கிசான் பணத்துல நடந்தத நினைச்சுப் பாருங்க. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நிலமே இல்லாதவங்கள எல்லாம் விவசாயினு பதிஞ்சு, அதிகாரிகளோட பாஸ்வேர்ட வச்சே ஒப்புதலும் போட்டு, 5 லட்சத்துக்கு மேல தகுதியில்லாதவங்க சேர்ந்துட்டாங்க, 110 கோடி ரூபா போச்சுனு வேளாண் துறைச் செயலாளரே பேட்டி குடுத்தாரு. கம்ப்யூட்டருக்கு ஆதார் சரி, அக்கவுண்ட் சரி, அவ்ளோதான் தெரியும். அந்த ஆளுக்கு ஒரு சென்ட் நிலம் கூட கிடையாதுனு பக்கத்துத் தெருக்காரனுக்குத்தான் தெரியும், அவன் கண்ணுல பட்டியல் பட்டாத்தானே.

மல்லிகா ஆர்: ஏழைங்க பேர மட்டும் செவுத்துல ஒட்டி அசிங்கப்படுத்துறது நியாயமா சார்? வரிச்சலுகை வாங்குற கம்பெனி பேர ஒட்டுவாங்களா?

ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லைமா, நியாயமான கோவம்தான். ஆனா இதக் கேட்டு வாங்குனதே ஏழைங்கதான், அது பலருக்குத் தெரியாது. ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒரு அமைப்பு, சமூக ஆர்வலர் அருணா ராய் எல்லாம் இருந்தது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவங்களுக்கு முழுக் கூலி வரல, கணக்கக் காட்டுங்கனு கேட்டா அது ரகசியம்னாங்க. 1994 டிசம்பர்ல பாலி மாவட்டம் கோட் கிரானாவுல மஸ்டர் ரோல, அதாவது வேலைக்கு வந்தவங்க பேரு இருக்கற பதிவேட்ட, ஜனங்க முன்னாடியே சத்தமா படிச்சாங்க. வேலைக்கே வராதவன் பேரு, செத்துப்போனவன் பேரு எல்லாம் கூலி வாங்குனதா இருந்துச்சு. 'நம்ம காசு, நம்ம கணக்கு'ங்கற கோஷம் அந்தப் போராட்டத்துலதான் வந்துச்சு, 1996-ல பியாவர்ல 40 நாள் தர்ணா, கடைசில அதான் தகவல் உரிமைச் சட்டம் வரைக்கும் போச்சு.

இங்க நூறு நாள் வேலையோட என்எம்ஆர் (வருகைப் பதிவேடு) படிக்கும்போதும் இதே கதைதான். பேரு படிச்சதும் பின்னாடி உக்காந்திருக்கற பாட்டி ஒருத்தங்க "அடேய், அவ கல்யாணமாகி திருப்பூர் போயி நாளாச்சுடா, இங்க எவ வந்து மண்ணு வெட்டுனா"னு கேப்பாங்க, பணித்தளப் பொறுப்பாளர் தலையக் குனிஞ்சுக்கும். எந்த ஆடிட்டரும் அந்தக் கேள்வியக் கேக்க முடியாது.

ஓரமா நிக்கிறவன்: அப்ப எல்லாத்தையும் போட்டுரலாம்ங்கறீங்களா?

இல்லவே இல்ல. பேரு, ஊரு, எந்தத் திட்டம், எவ்வளவு, எந்தத் தேதி, யாரு கையெழுத்து. இது போதும், இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். ஆதார் நம்பர், அக்கவுண்ட் நம்பர், போன் நம்பர், சாதிச் சான்று, மருத்துவச் சான்று எதுவும் வெளிய வரக்கூடாது. 2016 ஆதார் சட்டம் 29-வது பிரிவே நம்பர வெளியிடக் கூடாதுங்குது. அப்படியும் 2017-ல சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டிங்கற ஆய்வு அமைப்பு ஒரு அறிக்கை விட்டாங்க, நாலே நாலு அரசு சைட்ல இருந்து 13 கோடி ஆதார் நம்பர் வரைக்கும் வெளிய கிடந்திருக்கலாம்னு. அதுல ஓய்வூதிய சைட்டும் இருக்கு, நூறு நாள் வேலை சைட்டும் இருக்கு. இந்த விவரம் கிடைச்சவன் நேரா பாட்டிக்கு போன் போட்டு "உங்க ஓஏபி நிக்கப்போகுது, ஓடிபி சொல்லுங்க"ம்பான். பேரும் ஊரும் சரியா சொல்றானே, ஆபீஸ்காரன்தான்னு அதுவும் சொல்லிரும்.

செங்கொடி: என்னோட அம்மா கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் வாங்குறாங்க. அது பட்டியல்ல வந்தா ஊரு சும்மா இருக்குமா?

இருக்காதுமா. நான் மாத்திச் சொல்ற இடம் இதான். கிசான்ல பேரு வந்தா நிலம் இருக்குனு தெரியும், அதுல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல ரேஷன் கிட்டத்தட்ட எல்லா அட்டைக்கும் உண்டு, அதுலயும் கூச்சம் கிடையாது. ஆனா கைவிடப்பட்டவங்க, ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி, திருநங்கை இதுக்கெல்லாம் திட்டத்தோட பேரே ஒரு ஆளோட வாழ்க்கையச் சொல்லிருது. இவங்களுக்கு செவுத்துலயும் நெட்லயும் வெறும் 'சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம்'னு பொதுவா போட்டாப் போதும், எந்த வகைங்கறது தாலுகா ஆபீஸ் ஃபைல்ல இருக்கட்டும், தணிக்கைக்குப் போறவங்க வீட்டுக்கே போயி பாத்துக்கலாம். எச்ஐவி இருக்கறவங்களுக்கு 2017-லயே தனிச் சட்டம் போட்டு ரகசியம் காக்கணும்னு சொல்லியாச்சு, அதே கரிசனம் மத்தவங்களுக்கும் வேணும்.

டீக்கடை பெஞ்ச்: எதுத்த வீட்டம்மா மாடி வீடு, கார் வேற. மகளிர் உரிமைத்தொகை 1000 வாங்குறாங்களானு பாக்க முடியுமா? 😀

தகுதி என்னனு எல்லாருக்கும் தெரியும், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கர் இல்ல புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருசத்துக்கு 3600 யூனிட்டுக்குள்ள, சொந்தக் கார் இருக்கக்கூடாது. சந்தேகம்னா புகார் குடுங்க, விசாரிக்கறது அவங்க வேலை. வாங்குறாங்களானு தெரிஞ்சுக்கிட்டு டீக்கடைல பேசத்தான்னா அதுக்கு வேற பொழப்பப் பாருங்க.

நெல்லை சீமை: நூறு நாள் வேலைல தினமும் ரெண்டு தடவ போட்டோ எடுக்குறாங்களே, அது நெட்ல யாரு வேணா பாக்கலாமாமே?

ஆமா, என்எம்எம்எஸ்னு வருகை பதியற ஒரு ஆப். 2023 ஜனவரில இருந்து தனிநபர் பயனாளி வேலை தவிர எல்லா வேலைத் தளத்துக்கும் கட்டாயமாக்கி, வந்தவங்கள நிக்க வச்சு எடுத்து ஏத்துனாங்க. வெயில்ல தலைல துண்டக் கட்டிட்டு நிக்கிற பொம்பளைங்க படம் எங்கயோ இருக்கறவன் போன்லயும் தெரியும். சரி, திருட்டாவது நின்னுச்சானா அதுவும் இல்ல, படத்தையே திருப்பிப் படம் எடுத்து ஏத்துறாங்க, வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தையெல்லாம் ஏத்துறாங்கனு 2025 ஜூலைல மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு. முகத்த வெளிய போட்டதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எஸ்டிமேட் எவ்வளவு, எவ்வளவு மண்ணு வெட்டுனதா எம்-புக்ல (அளவுப் புத்தகம்) எழுதினாங்க, அந்த இஞ்சினியர் யாரு, இதத்தான் பெருசா போடணும். அது எந்த ஊர்லயும் செவுத்துக்கு வர மாட்டேங்குது.

ஹாம்பர்க் தமிழன்: ஜெர்மனில மானியம் வாங்குறவங்க பேர வெளியிடறத கோர்ட்டே தடுத்துச்சே?

ஆமா சார், 2010 நவம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம். விவசாய மானியம் வாங்குன எல்லா தனிநபர் பேரையும் அளவு பாக்காம நெட்ல போட்டது செல்லாதுனு தீர்ப்பு. அப்புறம் 2013-ல விதிய மாத்துனாங்க, வருசத்துக்கு 1250 யூரோவுக்கு மேல வாங்குறவங்க பேர வெளியிடணும், சின்ன விவசாயி பேரு வேண்டாம்னு. எனக்குப் பிடிச்ச ஏற்பாடு. ஆனா இங்க திருட்டே சின்னத் தொகைல ஆயிரம் பேரு மேல பிரிச்சு நடக்குதே, அப்படியே எடுத்துட்டு வந்தா வேலைக்கு ஆகாது.

சட்டம் படிக்கிறவ: டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஆர்டிஐல பட்டியல் கேட்டா 'தனிப்பட்ட தகவல்'னு திருப்பி அனுப்பறாங்க சார்.

இதான் இப்ப பெரிய தலைவலி. முன்னாடி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம் 8(1)(ஜெ) பிரிவுல பொதுநலன் இருந்தா தனிப்பட்ட தகவலையும் குடுக்கலாம், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாதத ஜனங்களுக்கும் மறுக்கக்கூடாதுனு இருந்துச்சு. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தோட 44(3) அத எடுத்துட்டு வெறும் 'தனிப்பட்ட தகவல்'னு நிறுத்திருச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கும் வந்துருச்சு. பாட்டியோட ஆதார் நம்பர் சைட்ல கிடந்தப்ப வராத அக்கறை, யாரு எவ்வளவு சுருட்டுனாங்கனு கேக்கும்போது மட்டும் வருது பாருங்க.

ஆனா 8(2) அப்படியே இருக்கு, பொதுநலன் அதிகம்னா குடுக்கலாம்னு. மனுவுலயே 8(2)-ஐயும் 4-வது பிரிவையும் எழுதுங்க. மறைக்க வேண்டியத மறைச்சிட்டு மீதியக் குடுங்கனு 10-வது பிரிவப் போட்டு, ஆதார், போன், அக்கவுண்ட் எனக்கு வேண்டாம்னு நீங்களே எழுதிருங்க, பாதிச் சாக்கு அங்கயே அடிபட்டுப் போயிரும். 30 நாள்ல பதில் வரலைனா மேல்முறையீடு.

வயல்காட்டான்: ஆர்டிஐ எல்லாம் நமக்கு ஆகாதுண்ணே, வேற வழி?

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்க. தீர்மான நோட்டுல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு அனுப்பப் பாப்பாங்க, பயனாளி பட்டியலப் படிங்கனு கேளுங்க. தனியா கேட்டா உக்காருனுருவாங்க, நாலஞ்சு பொம்பளைங்களோட சேர்ந்து கேளுங்க, செயலர் படிச்சுத்தான் ஆகணும்.