'டக்' சத்தம் கேட்டதுமே கம்ப்ரசரை மாற்றாதீர்கள்

கேள்வி: எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சி. எட்டு வருடமான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். லைட் எரிகிறது, குளிர் இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் லேசான உறுமல், உடனே 'டக்' என்று சத்தம். பார்க்க வந்தவர், "கம்ப்ரசர் போயிட்டு, மாத்திருவோம்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த 'டக்' ஓவர்லோடு, அதாவது கம்ப்ரசரைக் காக்கும் சின்ன சுவிட்ச், போடும் சத்தம். கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து, முடியாமல் கரண்டை அதிகமாக இழுக்கிறது. ஓவர்லோடு சூடாகி இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் மறுபடி சேர்கிறது. கம்ப்ரசரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180க்குக் கீழே போனால் நல்ல கம்ப்ரசரே திணறும். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், சத்தம் வரும்போதே அளக்கச் சொல்லுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதிலிருந்து வெளியே வருவதையும் பார்க்க வேண்டும்.

வோல்டேஜ் சரியென்றால் அடுத்து ரிலே, அதாவது கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்னப் பாகம். பெரும்பாலும் இங்கேதான் வினை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்கச் சொல்லுங்கள். முற்றின புளியம்பழம் மாதிரி கலகலத்தால் உள்ளே வில்லை உடைந்திருக்கிறது. சில நூறு ரூபாயில் புதிது போட்டுவிடலாம். ரிலே நன்றாக இருந்தாலும், கரண்ட் போய் உடனே வந்தால் இதே சத்தம் வரும். வில்லை ஆற ஐந்து நிமிடமாவது விட வேண்டும்.

அப்புறம்தான் கம்ப்ரசர். அதன் மூன்று பின்களை இரண்டிரண்டாக மீட்டரில் ஓம் அளந்தால், பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டலாக வர வேண்டும்: 12, 20 ஓம் என்றால் மூன்றாவது 32. எந்தப் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டக் கூடாது. கணக்கு சரியாக இருந்து, புது ரிலே போட்டும் கிளம்பவில்லையென்றால் உள்ளே இறுகிவிட்டது. அப்போது அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம்.

இடையில் யாராவது "கேஸ் பிடிக்கணும்" என்றால் நம்பாதீர்கள். கேஸ் குறைந்த ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், குளிராது. உங்களுடையது ஓடவே இல்லையே!

மாற்றுவதென்று முடிவானால் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். பழைய கேஸை முழுக்க வெளியேற்றாமல் வெல்டிங் பக்கம் போகவிடாதீர்கள். வேலை முற்றத்திலேயே நடக்கட்டும். அந்தக் கேஸுக்கான கம்ப்ரசர்தானா என்று கேட்டுக்கொண்டு, கேஸ் போகும் குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.